சுற்றுலா ஆய்வும் மட்டாஞ்சேரித் தெருவும்

கொச்சி மட்டாஞ்சேரியில் யூதர் தெரு முடிவடையும் இடத்தில், பரதேசி ஜெபாலயத்தை ஒட்டி ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. 1568இல் எழுந்த அந்த ஆலயத்துக்கு, இரு நூற்றாண்டுகள் கழித்து எசேக்கியல் ரஹாபி என்ற பெருவணிகர் சேர்த்த கட்டடம் அது. அதன் கடிகார முகங்களில் ஒன்று எபிரேய எழுத்துகளிலும், ஒன்று ரோமன் எண்களிலும், ஒன்று மலையாள எண்களிலும் மணி காட்டும்படி அமைக்கப்பட்டது. தெருவில் நடப்பவர் எந்த எண்ணை அறிந்தவரோ அந்த எண்ணில் நேரம் சொல்வது, பல நாட்டார் கூடிய வணிக ஊருக்குத் தேவையாக இருந்திருக்கிறது.

இன்று அத்தெருவில் பழம்பொருள் கடைகளும், கம்பளம், சால்வை விற்கும் கடைகளும், மசாலாப் பொருள்களைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி விற்கும் கடைகளும் வரிசையாக உள்ளன. கடைக்காரர்களில் காஷ்மீரிலிருந்து வந்தவர்கள் பலர். யூதக் குடும்பங்களோ ஏறத்தாழ இல்லை. 'ஜூ டவுன்' என்ற பெயர்ப்பலகையைப் பார்க்க வரும் கூட்டம் மட்டும் குறையவில்லை. இந்தத் தெருவுக்குச் சுற்றுலா எதைத் தந்தது, எதைக் கொண்டு சென்றது என்று ஒருவர் கேட்டால் விடை சொல்வது எளிதன்று. அப்படிக் கேட்க வேண்டும் என்ற எண்ணமே அறிஞர்களுக்கு மெதுவாகத்தான் வந்தது. சுற்றுலாவைப் பற்றிய ஆய்வின் வரலாறு, பெரும்பாலும், எதை எண்ணுவது என்பதில் நேர்ந்த மாற்றங்களின் வரலாறு.

வரவு மட்டும் எழுதிய காலம்

தொடக்ககால ஆய்வுகள் கணக்கரின் மேசையிலிருந்து வந்தவை. 1899இல் இத்தாலியப் புள்ளியியலாளர் லூயிஜி போதியோ, தம் நாட்டுக்கு வரும் வெளிநாட்டவரின் போக்குவரத்தையும் அவர்கள் அங்கே செலவிடும் பணத்தையும் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். இத்துறையின் முன்னோடி எழுத்துகளில் ஒன்றாக அது இன்றும் சுட்டப்படுகிறது. 1933இல் பிரித்தானியப் பொருளியலறிஞர் பிரெடரிக் ஓகில்வி ஒரு முழு நூலே எழுதினார். இவர் பின்னாளில் பிபிசியின் தலைமை இயக்குநராகவும் இருந்தவர். சுற்றுலாப் பயணி என்பவர் யார் என்பதற்கு அவர் தந்த விளக்கம் வங்கியாளருக்கு எளிதில் புரியும்: ஓராண்டுக்குக் குறைவாக வீட்டைவிட்டு வெளியே இருப்பவர், செல்லும் இடத்தில் செலவு செய்பவர், ஆனால் அந்தப் பணத்தை அங்கே ஈட்டாதவர்.

இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, விடுதிகள் வெறிச்சோடிக் கிடந்த சுவிட்சர்லாந்தில் செயின்ட் காலன், பெர்ன் ஆகிய இரு நகரங்களிலும் சுற்றுலாவுக்கெனப் பல்கலைக்கழக ஆய்வு நிறுவனங்கள் தொடங்கின. ஆண்டு 1941. பயணிகளே இல்லாத காலத்தில் பயணத்தைப் பற்றிச் சிந்திக்க ஓய்வு கிடைத்திருக்கும் போலும். மறு ஆண்டில் அவ்விரு நிறுவனங்களையும் சேர்ந்த வால்டர் ஹுன்சிகர், குர்ட் கிராப் என்ற இருவரும் எழுதிய நூல் சுற்றுலாவுக்கு ஓர் இலக்கணம் வகுத்தது. வெளியார் ஓரிடத்துக்கு வந்து தங்குவதால் எழும் உறவுகள், நிகழ்வுகள் அனைத்தும் சுற்றுலாவில் அடங்கும். ஆனால் அந்தத் தங்கல் நிலையான குடியிருப்பாக மாறக்கூடாது. பொருளீட்டும் தொழிலோடும் அதற்குத் தொடர்பு இருக்கக்கூடாது.

இந்த இலக்கணத்தை மட்டாஞ்சேரிக்குப் பொருத்திப் பார்த்தால் ஒரு வேடிக்கை புலப்படும். அந்த ஊரை உருவாக்கிய எவரும் இதற்குள் அடங்கமாட்டார்கள். கோவாவிலிருந்து வந்த கொங்கணியர், குஜராத்தி வணிகர்கள், கட்ச்சி மேமன்கள், பரதேசி யூதர்கள், தமிழ்நாட்டிலிருந்து சென்ற வண்ணார் குடும்பங்கள் ஆகிய எல்லோரும் வந்து தங்கிவிட்டவர்கள். பயணிகள் இன்று பார்க்க வருவது, பயணியாக வராதவர்கள் விட்டுச்சென்ற தடயங்களைத்தான்.

இந்தியாவிலும் முதல் அக்கறை வரவைப் பற்றியதாகவே இருந்தது. 1945இல் அன்றைய அரசின் கல்வி ஆலோசகர் சர் ஜான் சார்ஜென்ட் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. நாட்டில் சுற்றுலாவை வளர்க்கத் தனி அமைப்பு வேண்டும் என்று அக்குழு கூறியது. விடுதலைக்குப் பின் போக்குவரத்து அமைச்சகத்தில் ஒரு கிளையாகத் தொடங்கிய பணி 1958இல் தனித்துறையாயிற்று. அன்னியச் செலாவணி அரிதாக இருந்த காலம் அது. ஒரு வெளிநாட்டவர் மாற்றும் டாலரோ பவுண்டோ, ஏற்றுமதிக்கு ஈடான வரவாகக் கருதப்பட்டது.

வீட்டார் பக்கம் திரும்பிய பார்வை

1960களில் ஜெட் விமானங்கள் பயணத்தை மலிவாக்கின. கரீபியன் தீவுகளிலும் மத்தியதரைக் கடற்கரையிலும் விடுதிகள் பெருகின. வளரும் நாடுகளின் விடுதித் திட்டங்களுக்கு உலக வங்கி கடன் வழங்கியது. அதற்கெனத் தனித்துறையும் வைத்திருந்தது. ஆனால் விடுதி கட்டிய ஊரில் வறுமை அப்படியே இருந்ததைப் பலர் கண்டனர். பயணி செலவிட்ட பணத்தில் பெரும்பகுதி விமான நிறுவனத்துக்கும், வெளிநாட்டு விடுதிக் குழுமத்துக்கும், இறக்குமதியான உணவுக்கும் மதுவுக்கும் திரும்பிச் சென்றது. பொருளியலார் இதற்குக் 'கசிவு' என்று பெயரிட்டனர். 1976இல் உலக வங்கியும் யுனெஸ்கோவும் சேர்ந்து இதற்காகவே ஒரு கருத்தரங்கம் நடத்தின. அதன் கட்டுரைகளை இம்மானுவேல் டி காட் 1979இல் தொகுத்தபோது, சுற்றுலா வளர்ச்சிக்கான கடவுச்சீட்டா என்ற கேள்வியையே நூலின் தலைப்பாக வைத்தார். ஏறத்தாழ அதே காலத்தில் உலக வங்கி தன் சுற்றுலாத் துறையை மூடிவிட்டது.

அந்தப் பத்தாண்டுதான் இத்துறையின் திருப்புமுனை. 1973இல் ஜாபர் ஜாபரி தொடங்கிய ஆய்விதழ், பொருளியலாரையும் மானிடவியலாரையும் ஒரே பக்கங்களில் எழுதவைத்தது. 1977இல் வலீன் ஸ்மித் பதிப்பித்த மானிடவியல் கட்டுரைத் தொகுப்பு, விருந்தினருக்கு நிகராக விருந்தோம்புவோரையும் ஆய்வுப் பொருளாக்கியது. அதுவரை வந்து போனவர்கள் எண்ணப்பட்டார்கள். வீட்டில் இருந்தவர்கள் கணக்கில் சேர்ந்தது அப்போதுதான்.

அமெரிக்கச் சமூகவியலறிஞர் டீன் மக்கேனல் சொன்ன ஒரு கருத்து, மட்டாஞ்சேரியை அறிந்தவர்களுக்கு மிக நெருக்கமானது. பயணி உண்மையான வாழ்க்கையைத் தேடி வருகிறார். மேடையின் முன்பக்கத்தால் அவருக்கு நிறைவு வராது. சமையலறையை, பட்டறையை, கிடங்கின் உட்புறத்தைக் காண விரும்புகிறார். அந்த விருப்பம் அறிந்து, உட்புறத்தைப் போலவே ஒரு காட்சி அவருக்காகத் தயாராகிறது. 1973இல் ஒரு கட்டுரையிலும் 1976இல் ஒரு நூலிலும் அவர் இதை விளக்கினார். பாரிஸ் நகருக்கு வந்தவர்கள் 1900ஆம் ஆண்டளவில் எவற்றையெல்லாம் பார்த்தார்கள் என்று பழைய வழிகாட்டி நூல் ஒன்றைக் கொண்டு அந்நூலில் ஆராய்ந்தார். பங்குச்சந்தை, நாணயச்சாலை, கழிவுநீர்ச் சுரங்கம், புகையிலைத் தொழிற்சாலை எல்லாம் பார்வையிடங்களாக இருந்தன. பிறர் உழைப்பதைப் பார்ப்பதே ஓய்வு நாளின் பொழுதுபோக்காக இருந்திருக்கிறது.

யூதர் தெருவில் இதற்கு இணையான ஓர் இடம் இருந்தது. 1957இல் அங்கே மிளகுக்கான முன்பேர வணிகம் தொடங்கியது. இந்திய மிளகு மற்றும் நறுமணப்பொருள் வணிகச் சங்கத்தின் கூடத்தில் தரகர்கள் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு, உரத்த குரலில் விலை கூவி வாங்கவும் விற்கவும் செய்தனர். வரப்போகும் மாதத்தின் மிளகுக்கு இன்று விலை பேசும் அந்தக் கூச்சலைக் காண அனுமதி பெற்று வெளிநாட்டவர் வந்தனர். வழிகாட்டி நூல்களும் அதைக் குறிப்பிட்டன. அங்கே எதுவும் பயணிக்காக நடிக்கப்படவில்லை. புத்தாயிரத்தின் தொடக்கத்தில் வணிகம் கணினித் திரைக்கு மாறியதும் குரல்கள் ஓய்ந்தன. பார்க்கவும் ஒன்றுமில்லாமற் போயிற்று. இன்று அத்தெருவை ஒட்டிய பண்டகசாலைகளில் சில உணவகங்களாகவும் பழம்பொருள் கூடங்களாகவும் மாறியுள்ளன. சுக்கு உலரும் முற்றங்களும் மூட்டை ஏறி இறங்கும் கிடங்குகளும் இன்னும் உண்டு. எது தொழில், எது காட்சி என்று பிரித்தறிவது நாளுக்கு நாள் கடினமாகிறது.

யூதர்களைப் பற்றிய ஆய்வு இதைவிடச் சிக்கலானது. அமெரிக்க மானிடவியலறிஞர் டேவிட் மண்டல்பாம் 1937இல் கொச்சியில் களப்பணி செய்து, அவர்களுடைய வாழ்முறையை 1939இல் பதிவுசெய்தார். அப்போது அது உயிரோடு இயங்கிய ஒரு சமூகத்தைப் பற்றிய ஆய்வு. இஸ்ரேல் உருவானபின், 1950களில், கேரளத்தின் சுமார் 2,500 யூதர்களில் மிகப் பெரும்பாலோர் அங்கே குடியேறினர். 1968இல் பரதேசி ஆலயத்தின் நானூறாவது ஆண்டு விழா நடந்தது. பிரதமர் இந்திரா காந்தி நேரில் கலந்துகொண்டார். அஞ்சல் தலையும் வெளியாயிற்று. ஊரில் யூதர்கள் குறையக் குறைய ஊரின் புகழ் கூடியது. நேதன் காட்ஸ், எலன் கோல்ட்பர்க் இருவரும் 1993இல் வெளியிட்ட நூலின் தலைப்பே 'கொச்சியின் கடைசி யூதர்கள்' என்று அமைந்தது. அதற்குள் கோவில்களோடும் அரண்மனையோடும் சேர்த்துப் பார்க்கப்படும் 'இட'மாக அந்தச் சமூகமே மாறியிருந்தது.

பரதேசி ஆலயம் காப்பாற்றப்பட்டதற்குச் சுற்றுலாவும் ஒரு காரணம் என்பதை மறுக்க இயலாது. ஆனால் அதே மட்டாஞ்சேரியில் மலபார் யூதர்களின் கடவும்பாகம் ஜெபாலயம் பயணியின் பாதையில் இல்லை. அதன் செதுக்கு மரவேலைப்பாடுகள் 1990களில் எருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்கே சீரமைக்கப்பட்டுக் காட்சிக்கு வைக்கப்பட்டன. இங்கே எஞ்சிய கட்டடம் கிடங்காகப் பயன்பட்டுச் சிதைந்தது. 2019 மழைக்காலத்தில் அதன் முகப்பு இடிந்து விழுந்தது. சில நிமிட நடை தூரத்தில் இருக்கும் இரண்டு ஆலயங்களின் இரு வேறு கதி, சுற்றுலா காக்கும் என்பவருக்கும் அழிக்கும் என்பவருக்கும் ஒருங்கே விடையளிக்கிறது.

வளைகோடும் எரிச்சலும்

1975இல் ஜார்ஜ் டாக்ஸி, பயணிகள் பெருகப் பெருக ஊர்மக்களின் மனநிலை மகிழ்ச்சி, அலட்சியம், எரிச்சல், பகைமை என்று படிப்படியாக மாறும் என்றார். 1980இல் கனடாவில் பணியாற்றிய புவியியலறிஞர் ரிச்சர்ட் பட்லர், ஒரு சுற்றுலாத்தலம் பிறந்து, வளர்ந்து, தேங்கி, பின் தாழவோ புத்துயிர் பெறவோ செய்யும் என்று ஒரு வளைகோடு வரைந்தார். இத்துறையில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் அதுவும் ஒன்று.

வளைகோடு மட்டாஞ்சேரிக்கு ஓரளவே பொருந்தும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. சுற்றுலா வருமுன்பே அந்த ஊர் ஒருமுறை தேய்ந்துவிட்டது. 1920இல் வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ கடல்வாயை ஆழப்படுத்த, 1928இல் பெரிய கப்பல் உள்துறைமுகத்துக்குள் நுழைந்தது. தோண்டிய மண்ணிலிருந்து வில்லிங்டன் தீவு எழுந்தது. சரக்குகள் அங்கே இறங்கத் தொடங்கியபின் மட்டாஞ்சேரிக் கரையின் கிடங்குகள் மெல்லக் காலியாயின. பழமை மாறாமல் இருப்பதாகப் பயணி வியக்கும் அந்தச் சுவர்கள், முதலீடு வேறிடம் சென்றதால் மாறாமல் நின்றவை.

கேரள அரசு 1986இல் சுற்றுலாவைத் தொழிலாக அறிவித்தது. 1999இல் நெடும்பாசேரி விமான நிலையம் திறந்தது. ஆய்வாளர்களும் பின்தொடர்ந்தனர். சுற்றுலாவின் சமூக விளைவுகளை ஆராய 1985இல் பெங்களூரில் தொடங்கிய 'ஈக்வேஷன்ஸ்' அமைப்பு, கேரளக் கடற்கரைகளில் நிலம் கைமாறுவதையும் உள்ளூர்ப் பஞ்சாயத்துகளின் குரல் ஒதுக்கப்படுவதையும் தொடர்ந்து எழுதியது. 2002இல் டி.டி. ஸ்ரீகுமாரும் கோவிந்தன் பராயிலும் எழுதிய ஆய்வுக்கட்டுரை, வளர்ச்சிக்கான வழியாகச் சுற்றுலாவைக் கேரளம் தேர்ந்ததில் உள்ள முரண்பாடுகளை முன்வைத்தது.

இதனிடையே கணக்குமுறையும் முதிர்ந்தது. 2000ஆம் ஆண்டில் ஐ.நா. புள்ளியியல் ஆணையம் சுற்றுலாத் துணைக்கணக்கு என்ற முறையை ஏற்றது. நாட்டின் வருமானக் கணக்கில் சுற்றுலா என்ற தலைப்பே கிடையாது. பயணியின் செலவு ரயில், உணவகம், கைவினை, வாடகைக்கார் எனப் பல தலைப்புகளில் சிதறிக் கிடக்கும். அவற்றைப் பொறுக்கி ஒன்றுசேர்ப்பதே துணைக்கணக்கு. இந்தியாவின் முதல் துணைக்கணக்கு 2002-03ஆம் ஆண்டுக்குத் தேசியப் பயன்பாட்டுப் பொருளியல் ஆராய்ச்சிக் குழுமத்தால் தயாரிக்கப்பட்டது. நாட்டளவில் அது பெரும் முன்னேற்றம். ஆனால் ஒரு தெருவுக்குள் வந்த பணம் எத்தனை கை மாறியது, எந்தக் கையில் நின்றது என்பதை அத்தகைய கணக்கால் சொல்ல முடியாது.

கேரளத்தில் அந்த இடைவெளியை நிரப்ப ஒரு முயற்சி நடந்தது. 2002இல் கேப்டவுனில் உருவான 'பொறுப்புச் சுற்றுலா' என்ற கருத்தின் இரண்டாவது உலக மாநாடு 2008 மார்ச்சில் கொச்சியில் கூடியது. குமரகம், கோவளம், தேக்கடி, வயநாடு ஆகிய நான்கு இடங்களில் சோதனைத் திட்டங்கள் தொடங்கின. குமரகத்தில் குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் விளைவித்த காய்கறிகளை விடுதிகள் நேரடியாக வாங்கின. கசிவைப் பற்றிய பழைய விவாதம், வெண்டைக்காய்க்கும் வாழைக்காய்க்கும் யார் எவ்வளவு பெற்றார் என்ற பதிவேடாக இறங்கி வந்ததை இங்கே காணலாம். 2017இல் இது மாநில அளவிலான இயக்கமாயிற்று.

துணி உலரும் கயிறு

தமிழ் வாசகர்களுக்கு மட்டாஞ்சேரியின் அருகே உள்ள ஓர் இடம் தனிச் சிறப்புடையது. ஃபோர்ட் கொச்சியின் வெளி பகுதியில் உள்ள வண்ணான் துறையை அங்கே 'தோபி கானா' என்கிறார்கள். டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் துணி வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வரப்பட்டவர்கள் தம் முன்னோர் என்று அங்கே பணிபுரியும் வண்ணார் குடும்பங்கள் சொல்கின்றன. இப்போதுள்ள கட்டடம் 1976இல் பெருங்கொச்சி வளர்ச்சிக் குழுமம் கட்டித்தந்தது. தனித்தனித் தொட்டிகள், கஞ்சி போட்ட வேட்டிகள், முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடுக்கில் செருகி உலரவிடும் துணிகள், கனத்த இஸ்திரிப் பெட்டிகள் எனத் தொழில் நடக்கிறது. விடுதிகளின் படுக்கை விரிப்புகள் அங்கே வெளுக்க வருகின்றன; விடுதிகளில் தங்குபவர்கள் அதைப் படமெடுக்க வருகின்றனர்.

1990இல் ஜான் உரி எழுதிய நூல், சுற்றுலாவின் மையம் பார்வையே என்றது. எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்பது பயணிக்கு முன்பே கற்பிக்கப்பட்டுவிடுகிறது. பார்க்கப்படுபவரும் அதற்கேற்பத் தம்மை அமைத்துக்கொள்கிறார். விரிப்புக்குக் கூலி உண்டு, படத்துக்கு இல்லை. வெளுப்பவரின் வருமானத்தில் முன்னதுதான் எழுதப்படும். அவருடைய நாளில் பின்னதும் இருக்கிறது.

2000இல் ஆஷிஸ் நந்தி கொச்சியைப் பற்றி எழுதிய கட்டுரையும் நினைக்கத்தக்கது. அங்குள்ள பல சமூகங்கள் ஒன்றையொன்று அளவுகடந்து நேசிப்பதாக அவர் காணவில்லை. ஒவ்வொன்றுக்கும் மற்றதைப் பற்றிய கேலியும் விலகலும் உண்டு. ஆயினும் பெருங்கலவரமின்றி நூற்றாண்டுகளாக அருகருகே வாழ்கின்றன. நல்லிணக்கத்தின் எழில்மிகு சித்திரமாகக் கொச்சியை விற்கும் விளம்பரத் தாள்களை விட, இது ஊருக்கு மேலும் பெருமை சேர்க்கும் மதிப்பீடு.

2012 டிசம்பர் 12ஆம் நாள் தொடங்கிய கொச்சி-முசிறிஸ் கலைத் திருவிழா, பூட்டிக் கிடந்த கிடங்குகளைக் கலைக்கூடங்களாகத் திறந்தது. 2019இல் கேரளத்துக்கு ஏறத்தாழ 12 லட்சம் வெளிநாட்டவரும், 1 கோடியே 83 லட்சம் உள்நாட்டவரும் வந்தனர். பெருந்தொற்றுக் காலத்தில், 2021இல், வெளிநாட்டவர் எண்ணிக்கை 60 ஆயிரம் அளவுக்குச் சரிந்தது. யூதர் தெருவின் கடைகள் மாதக்கணக்கில் பூட்டியிருந்தன. ஒரே வருவாயை நம்பிய தெருவுக்கு அந்தச் சரிவு என்ன செய்யும் என்பதை எந்த வளைகோடும் முன்னறிவிக்கவில்லை. 2023இல் உள்நாட்டுப் பயணிகள் 2 கோடியே 18 லட்சமாக உயர்ந்து பழைய அளவைக் கடந்தனர். வெளிநாட்டவர் அவ்வாறு திரும்பவில்லை. பாரிஸையும் கரீபியனையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட கோட்பாடுகள், கோயம்புத்தூரிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ குடும்பத்தோடு ரயிலேறி வருபவரைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகின்றன. இனிவரும் ஆய்வுக்கு அங்கே நிறைய வேலை இருக்கிறது.

இந்த நூற்றாண்டுக் கால விவாதத்தில் ஒரு பகுதி இப்போது வங்கிக் கிளைக்கும் வந்துவிட்டது. 2025-26ஆம் ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கை, இல்லத் தங்கல் எனப்படும் ஹோம்ஸ்டேக்களுக்கு முத்ரா கடன் வழங்கப்படும் என்று அறிவித்தது. வீட்டின் இரண்டு மூன்று அறைகளைப் பயணிக்கு ஒதுக்கும் குடும்பத்துக்கு, குளியலறை கட்டவும் கூரை மாற்றவும் அது பயன்படலாம். கேரளச் சுற்றுலாத் துறை இத்தகைய வீடுகளை வைரம், தங்கம், வெள்ளி என்று தரம் பிரித்துச் சான்றளிக்கிறது. சான்று பெற முக்கிய நிபந்தனை ஒன்று உண்டு: உரிமையாளர் அந்த வீட்டிலேயே குடியிருக்க வேண்டும். மட்டாஞ்சேரியின் சந்துகளில் பிள்ளைகள் வளைகுடாவிலோ பெங்களூரிலோ இருக்க, முதியோர் இருவர் மட்டும் காக்கும் பழைய வீடுகள் பல. அவர்கள் இருக்கும்வரை அது ஹோம்ஸ்டே. அவர்களுக்குப்பின் யாரும் திரும்பி வராவிட்டால், அதே வீடு, அதே அறை, அதே வாடகை இருந்தும், அந்தச் சான்று செல்லாது.